சமரசத்துக்குக் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைமாற்றுக் கடன், வியாபாரப் பாக்கி, கூட்டுத் தொழில் பிரிவினை, விவாகரத்து என்று எதுவானாலும், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்குப் பைசல் செய்துகொள்வது நம் ஊர் வழக்கம். ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்ட செக்குகளையும் வாங்கியாகிவிட்டது. அந்தச் செக்கே திரும்பி வந்தால் என்ன செய்வது? இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, செக் பவுன்ஸைக் குற்றமாக்கும் அதன் 138-ஆவது பிரிவு ஆகிய இரண்டும்தான் அதிகம் வரும்.

முதல் செக் பவுன்ஸ் ஆகி வழக்குப் போட்டேன். வழக்கு நடக்கும்போதே சமரசமாகிப் புதுச் செக் கொடுத்தார். அதுவும் பவுன்ஸ். பழைய வழக்கையே தொடர்ந்து நடத்தலாமா?

பெரும்பாலும் முடியாது. புதுச் செக்கை வைத்துப் புது வழக்குத்தான் போட வேண்டும்.

இதைத் தெளிவாகச் சொன்னது 2021 அக்டோபரில் வந்த ஜிம்பெக்ஸ் எதிர் மனோஜ் கோயல் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அது. முதலில் கொடுத்த செக்குகள் திரும்பின, வழக்கு வந்தது, சமரச ஒப்பந்தம் போட்டார்கள், அந்த ஒப்பந்தப்படி கொடுத்த செக்குகளும் திரும்பின. இப்போது இரண்டு வழக்குகளும் சேர்ந்து ஓடலாமா என்பதுதான் கேள்வி. ஓட முடியாது என்றது நீதிமன்றம். சமரசம் செய்துகொண்ட உடனேயே பழைய புகார் அதற்குள் அடங்கிவிடுகிறது. சமரசச் செக் திரும்பினால் அது தனிக் குற்றம், அதற்குத் தனி வழக்கு. அந்தச் சமரசமே மோசடியாலோ வற்புறுத்தலாலோ வந்தது, செல்லாது என்று காட்டினால் மட்டும் பழைய புகாருக்குத் திரும்பலாம்.

அதற்கு முன்பெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல்கள் 2008-இல் வந்த லலித் குமார் சர்மா தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சமரசத்துக்குக் கொடுத்த செக் புதுக் கடனுக்கானது அல்ல, அதற்கு 138 பொருந்தாது’ என்று வாதாடுவார்கள். இப்போதும் சிலர் முயல்கிறார்கள். ஜிம்பெக்ஸ் தீர்ப்பு அந்தப் பழைய வழக்கின் சூழ்நிலை வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டது. யாராவது அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘பழைய வழக்குத்தான் கோர்ட்டில் இருக்கிறதே, அடுத்த வாய்தாவில் ஜட்ஜிடம் சொல்லிக்கொள்வோம்’ என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். வாய்தா இரண்டு மாதம் கழித்து வரும். புதுச் செக்குக்குப் பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான் இருக்கிறது.

‘செக் திரும்பினால் பழைய வழக்கு மறுபடி உயிர் பெறும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமே?

எழுதியிருப்பதில் தப்பில்லை. ஆனால் ஜிம்பெக்ஸ் தீர்ப்புக்குப் பிறகு அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இருக்க முடியாது. புதுச் செக்குக்கான நோட்டீஸைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, பழைய வழக்கை என்ன செய்வது என்பதை வக்கீலுடன் பேசி முடிவு செய்யுங்கள்.

சரி, இன்று பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. எந்தெந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்?

முதல் வேலை, உங்கள் பேங்க் கிளைக்குப் போய் ரிட்டர்ன் மெமோவையும் செக்கையும் வாங்குவது. கைப்பேசிக்கு வரும் மெசேஜ் தகவலுக்குத்தான். கோர்ட்டில் காட்ட, காரணம் குறிப்பிட்டுப் பேங்க் முத்திரையோடு இருக்கும் மெமோ வேண்டும். எதிர்த்தரப்பு பொய் என்று காட்டாதவரை அந்த மெமோவையே நீதிமன்றம் சான்றாக எடுத்துக்கொள்ளும். 146-ஆவது பிரிவு அதற்குத்தான்.

அப்புறம் கெடுக்கள். செக் திரும்பிய தகவல் மார்ச் 6 அன்று உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு 30 நாள் எண்ணுங்கள். ஏப்ரல் 5-க்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அவருக்கு அது ஏப்ரல் 12 அன்று போய்ச் சேர்ந்தால், 15 நாள், அதாவது ஏப்ரல் 27 வரை பணம் கட்ட அவருக்கு அவகாசம். கட்டவில்லை என்றால் 28-ஆம் தேதி வழக்குக் காரணம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், மே 28-க்குள், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, தாமதமாகப் போனாலும் தொல்லை, அவசரப்பட்டாலும் தொல்லை. 15 நாள் முடியும் முன்பே தாக்கல் செய்த புகார் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார் போடும் ஒரு மாதக் கெடு தவறினால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை இல்லை.

எந்த ஊர்க் கோர்ட் என்பதில் முன்பு பெரிய குழப்பம் இருந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கில் போட்ட செக் என்றால் உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கோர்ட். செக் கொடுத்தவர் சூரத்தில் இருந்தாலும் உங்கள் கணக்கு ஈரோட்டில் இருந்தால் ஈரோட்டிலேயே போடலாம்.

நோட்டீஸ் நானே எழுதலாமா?

எழுதலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இந்த ஒரு கடிதத்தில் தவறு நடந்தால் வழக்கே விழுந்துவிடும் என்பதால் வக்கீல் நோட்டீஸாக அனுப்புவதே நல்லது.

தொகை விஷயத்தில் கவனம். செக்கில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அதே தொகையை, அதே எண்களில் கேட்க வேண்டும். வட்டி, வக்கீல் செலவு எல்லாம் கேட்பதாக இருந்தால் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்கக் கூடாது. செக் தொகையும் நோட்டீஸ் தொகையும் பொருந்தாவிட்டால், தட்டச்சுப் பிழை என்று சொன்னாலும் எடுபடாது என்று 2025 செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. சமரச வழக்குகளில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். மொத்தப் பாக்கி 12 லட்சம், சமரசத் தொகை 8 லட்சம், திரும்பிய செக் 4 லட்சம். கோபத்தில் 12 லட்சத்தையும் கேட்டு நோட்டீஸ் போனால் அதோடு சரி.

நோட்டீஸில் சமரச ஒப்பந்தத்தின் தேதி, அதன்படி இந்தச் செக் கொடுக்கப்பட்டது என்ற வாசகம், செக் எண், ரிட்டர்ன் காரணம் ஆகியவை இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்டில், அவருடைய சரியான முகவரிக்கு அனுப்புங்கள். அவர் வாங்காமல் திருப்பிவிட்டால்? சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் போய்ச் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தபால் ரசீதையும் திரும்பி வந்த உறையையும் பிரிக்காமல் பத்திரமாக வையுங்கள்.

‘அடுத்த வாரம் மறுபடி போடுங்க, பாஸ் ஆயிடும்’ என்கிறார். போடட்டுமா?

போடலாம். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். முதல் தடவை திரும்பியபோது வழக்குப் போடாமல் விட்டாலும், கடைசியாகத் திரும்பியதை வைத்துப் போட முடியும் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் எஸ்.பழனியப்பன் வழக்கில் 2012-இல் தீர்ப்பு வந்தது. மூன்று மாதம் முடியும் வரை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

‘ஸ்டாப் பேமென்ட்’ என்று திரும்பியிருக்கிறது. பணம் இல்லை என்று வரவில்லையே?

138 பொருந்தும். ‘கணக்கு மூடப்பட்டது’, ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ என்று திரும்பினாலும் பொருந்தும். மூன்றையும் வெவ்வேறு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. ஸ்டாப் பேமென்ட்டில் மட்டும், கணக்கில் போதிய பணம் இருந்தது, நியாயமான காரணத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்று அவர் நிரூபித்தால் தப்பிக்க வழி உண்டு.

கடன்காரர் தன் செக் கொடுக்கவில்லை, மச்சான் செக்கைக் கொடுத்தார். யார் மேல் வழக்கு?

செக்கில் கையெழுத்துப் போட்டவர் மேல், அதாவது மச்சான் மேல். ‘எந்தக் கடனுக்கும் அல்லது பொறுப்புக்கும்’ கொடுத்த செக் என்றுதான் சட்டம் சொல்கிறது. கடன் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜாமீன்தாரர் கொடுத்த செக்குக்கு வழக்கு உண்டு என்று 2002-இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் மச்சானையும் சமரச ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் வேலை எளிது. இல்லையென்றால், ‘வேறு காரியத்துக்கு வைத்திருந்த செக்கை எடுத்துப் போட்டுவிட்டார்கள்’ என்று ஒரு கதை வரும். கூட்டுக் கணக்கு என்றால் கையெழுத்திட்டவர் மட்டுமே பொறுப்பு. கணக்கில் பெயர் இருப்பதற்காக மனைவியைச் சேர்க்க முடியாது.

செக் கம்பெனி பெயரில் இருக்கிறது.

கம்பெனிக்கும் நோட்டீஸ், கையெழுத்திட்ட இயக்குநருக்கும் நோட்டீஸ். கம்பெனியைக் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்காமல் இயக்குநர் மேல் மட்டும் வழக்கு நடத்த முடியாது. கம்பெனி திவால் நடைமுறைக்குப் போய்விட்டால் அதன் மேல் வழக்கு நின்றுவிடும், இயக்குநர்கள் மேல் தொடரும், பி.மோகன்ராஜ் வழக்கில் 2021-இல் இப்படித் தீர்ப்பானது.

பாதித் தொகையை ஜிபேயில் போட்டுவிட்டார். முழுத் தொகைக்கான செக் என் கையில் இருக்கிறது. போடலாமா?

முழுத் தொகைக்குப் போடாதீர்கள். வந்த தொகையைச் செக்கின் மேலேயே குறித்து மீதிக்கு மட்டும் போட வேண்டும். 56-ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. அப்படிக் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138-இன்படி குற்றமே இல்லை என்று 2022-இல் தசரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் மீதித் தொகைக்குப் புதுச் செக் கேட்டு வாங்குவதுதான் சுலபம்.

எங்கள் சமரசம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) நடந்தது. அதன் உத்தரவான அவார்டு கையில் இருக்கிறது.

அப்படியானால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. லோக் அதாலத் அவார்டு, சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 21-ஆவது பிரிவுப்படி சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீலும் கிடையாது. செக் வழக்கில் கிரிமினல் கோர்ட் அனுப்பி வைத்த சமரசமாக இருந்தாலும் இதே நிலைதான் என்று 2011-இல் கோவிந்தன் குட்டி மேனன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பணம் வராவிட்டால் அவார்டை அமல்படுத்தக் கேட்டு நேரே நிறைவேற்று மனு போட்டுச் சொத்து ஜப்தி, சம்பளப் பிடித்தம் வரை போகலாம். 12 வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. கடனை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. அவார்டுபடி கொடுத்த செக் திரும்பினால் 138 வழக்கும் போடலாம்.

சிவில் வழக்கில் கோர்ட் பதிவு செய்த சமரசத் தீர்ப்புக்கும் நிறைவேற்று மனு உண்டு. கோர்ட்டில் ‘இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன்’ என்று உறுதிமொழி கொடுத்து வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பும் ஆகும். அதற்கு ஒரு வருஷக் கெடு.

வெளியில், வக்கீல் ஆபீஸிலோ ஊர்ப் பெரியவர் வீட்டிலோ பத்திரத்தாளில் எழுதிக்கொண்ட சமரசத்துக்கு இந்த வலு இல்லை. அது ஒரு ஒப்பந்தம். மீறினால் வழக்குப் போட்டுத்தான் தீர்ப்பு வாங்க வேண்டும். நூறு ரூபாய்ப் பத்திரத்தாளுக்கு மந்திர சக்தி இருப்பதாக நம்புகிறவர்கள் நம்மில் அதிகம்.

சிவில் வழக்குத் தனியாகப் போடலாமா?

தாராளமாக. 138 வழக்கு நடக்கும்போதே போடலாம். செக்கும் எழுதிய ஒப்பந்தமும் இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளைப்படி சுருக்க வழக்கு போடலாம். அதில் எதிர்த்தரப்பு கோர்ட் அனுமதி வாங்கித்தான் எதிர்வாதமே செய்ய முடியும். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் பலர் தயங்குவார்கள். ஆனால் 138-க்கான கெடுவைத் தவறவிட்டவர்களுக்கும், செக் கொடுத்தவரே இறந்துவிட்டால் பணம் வர வேண்டியவர்களுக்கும் இதுதான் வழி. இறந்தவரின் வாரிசுகள் மேல் 138 வழக்குக் கிடையாது. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம்.

போலீஸில் 420 கொடுத்தால் பயந்து கட்டிவிடுவாரே?

அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்டினால்தான் நிற்கும். செக் கொடுக்கும் முன்பே கணக்கை மூடியிருந்தார் என்றால் பேசலாம். வெறுமனே பணம் இல்லாமல் திரும்பியதற்கு ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று ஸ்டேஷனில் அனுப்பிவிடுவார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே நாலு நடை நடப்பதற்குள் 30 நாள் ஓடிவிடும்.

விவாகரத்தில் ஜீவனாம்சத் தொகைக்குக் கொடுத்த செக் திரும்பியது. 138 போடலாமா?

எழுதிக்கொண்ட உடன்பாட்டின்படி கட்ட வேண்டிய தொகைக்குத் தந்த செக் என்றால் போடலாம். ஆனால் பரஸ்பர விவாகரத்தில் இந்த நிலைக்கே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. இரண்டாவது மனு விசாரணைக்கு வரும் நாளில் கோர்ட்டிலேயே டிடி வாங்கிய பிறகு சம்மத வாக்குமூலம் கொடுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு ஆன பிறகு தேதியிடும் செக்கை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வழக்குப் போட்டால் பணம் எப்போது வரும்? ஜெயில் உண்டா?

தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோர்ட் வராந்தாக்களில் நிற்பவர்களைக் கேட்டால் வருஷக் கணக்கில் சொல்வார்கள்.

நடுவில் உதவக்கூடியது 143ஏ பிரிவு. 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை மறுத்த பிறகு, செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டதும் கிடைத்துவிடாது, வழக்கின் தன்மையைப் பார்த்துத் தருவதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்வார் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எழுதிய சமரச ஒப்பந்தத்தில் கடனை அவரே ஒப்புக்கொண்டிருப்பது இங்கே நன்றாக உதவும். தண்டனை பெற்று அப்பீலுக்குப் போனால் 20 சதவீதமாவது கட்டும்படி உத்தரவிடக் கேட்கலாம். சிறைக்குப் போய்வந்துவிட்டால் இழப்பீடு கழிந்துவிடும் என்பதும் இல்லை.

செக் கொடுத்தது நான்தான். வர வேண்டிய பணம் வரவில்லை, திரும்பிவிட்டது.

நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைப் பேங்க் மூலமாகவே கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள், செக்கைத் திரும்பக் கேளுங்கள். நோட்டீஸ் கிடைக்கவே இல்லை என்றால், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டுக் கோர்ட்டில் சொல்லலாம். போனை அணைத்து வைப்பதால் எதுவும் தள்ளிப்போகாது. அடுத்து பிடியாணைதான் வரும்.

இனிமேல் சமரசம் எழுதும்போது என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரி முதலில். ஒவ்வொரு செக்கின் எண், தேதி, தொகை, பேங்க். ஒரு தவணை தவறினாலும் மீதி மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. விட்டுக்கொடுத்த தொகை, எல்லாத் தவணையும் பாஸ் ஆனால் மட்டுமே தள்ளுபடி என்ற வாசகம். நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரி. முதல் தவணையாவது டிடியாகவோ ஆர்டிஜிஎஸ் மூலமாகவோ வரட்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தக் கோர்ட்டிலேயே அல்லது லோக் அதாலத்தில் சமரசத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை. செக்குக்குப் பதில் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் நாச் முறை வைத்துக்கொண்டாலும், பணமில்லாமல் திரும்பினால் 2007-ஆம் வருஷச் சட்டமொன்றின் 25-ஆவது பிரிவுப்படி அதே அளவு தண்டனை உண்டு.

புது வழக்கிலும் மறுபடி சமரசம் பேச வருகிறார். மறுக்கலாமா?

மறுக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் இந்தக் குற்றத்தைச் சமரசமாக முடிக்க முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்புக்கொள்வதாக இருந்தால், அவர் தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் முடித்தால் அவருக்கு அபராதச் செலவு இல்லை. அதற்குப் பிறகு, தீர்ப்புக்கு முன் என்றால் செக் தொகையில் 5 சதவீதமும், செஷன்ஸ் கோர்ட் அல்லது உயர் நீதிமன்றத்தில் என்றால் 7.5 சதவீதமும், உச்ச நீதிமன்றத்தில் என்றால் 10 சதவீதமும் கட்ட நேரிடும். 2025 செப்டம்பரில் சஞ்சாபிஜ் தாரி வழக்கில் வகுத்த கணக்கு இது. அந்தப் பணம் உங்களுக்கு வராது, ஆனால் பேரம் பேசும்போது அவருக்கு இதை நினைவுபடுத்தலாம். இரண்டாம் தடவை செக் வேண்டாம். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா அளவிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. ரிட்டர்ன் மெமோ, செக் நகல், சமரச ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, 30 நாளில் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.